செயின்ட் டிரினியன்ஸ் (2007): விமர்சகர்கள் திட்டியதும் பிள்ளைகள் ரசித்ததும்

கேள்வி இதுதான்: "2007இல் வந்த 'செயின்ட் டிரினியன்ஸ்' படத்தைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டதாகப் படித்தேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். படம் உண்மையிலேயே மோசமா, இல்லை விமர்சகர்களுக்குத்தான் பிடிபடவில்லையா?"

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. படத்தின் கதைப்பின்னல் தளர்வானது, பல நகைச்சுவைகள் தரையிலேயே நின்றுவிடுகின்றன. இதையெல்லாம் விமர்சகர்கள் சரியாகவே பிடித்தார்கள். ஆனால் அவர்கள் கோபத்தில் பாதி இந்தப் படத்தின் மேல் வந்ததல்ல. 1954இல் வந்த இன்னொரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்ததால் வந்தது. அந்தப் பழைய கதை தெரியாமல் 2007 விமர்சனங்களைப் படித்தால், ஒரு சாதாரண கிறிஸ்துமஸ் காலப் படத்துக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று குழப்பமாக இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செயின்ட் டிரினியன்ஸ் என்பது ரொனால்ட் செர்ல் என்ற கார்ட்டூனிஸ்ட் கற்பனையில் உருவான பெண்கள் விடுதிப் பள்ளி. முதல் கார்ட்டூன் 1941இல் 'லில்லிபுட்' என்ற மாத இதழில் வந்தது. ஸ்காட்லாந்தில் ராணுவப் பணியில் இருந்தபோது பழகிய ஒரு குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் எடின்பரோவில் கிட்டத்தட்ட அதே பெயருள்ள பள்ளியில் படித்தவர்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வரைந்தது அது. அப்புறம் போர் செர்லைக் கிழக்கே கொண்டுவந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். சாங்கிச் சிறையில் இருந்தார், சயாம் - பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கும் அனுப்பப்பட்டார். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்த அதே மரண ரயில்தான். அங்கே கண்டதையெல்லாம் ஒளித்து ஒளித்து வரைந்து வைத்திருந்தார். 1945இல் உயிரோடு திரும்பிய பிறகுதான் செயின்ட் டிரினியன்ஸ் மாணவிகள் முழு வடிவம் பெற்றார்கள்: கசங்கிய சீருடை, கறுப்புக் காலுறை, ஒரு கையில் சிகரெட், இன்னொரு கையில் விஷப்புட்டி. வகுப்புத்தோழியைச் சித்திரவதைக் கருவியில் கட்டிப்போடுவது அங்கே விளையாட்டு. அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் கருமை எங்கிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பள்ளி தன் மற்ற ஓவியங்களையெல்லாம் மறைத்துவிடுகிறது என்று செர்லுக்கே ஒரு கட்டத்தில் அலுத்துப்போனது. 1953 வாக்கில் பள்ளியையே அணுகுண்டால் தகர்த்துக் கதையை முடித்துவைத்தார்.

முடித்துவைத்த அடுத்த ஆண்டே சினிமா அதை உயிர்ப்பித்துவிட்டது. ஃபிராங்க் லாண்டர், சிட்னி கில்லியட் இணை எடுத்த 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்' 1954 செப்டம்பரில் வெளியானது. தலைமையாசிரியை மிஸ் ஃபிரிட்டனாகப் பாவாடை கட்டி நடித்தவர் அலஸ்டர் சிம் என்ற மாபெரும் நடிகர். குதிரைப் பந்தயத் தரகனான அவளுடைய அண்ணனும் அவரே. மாறுவேடத்தில் பள்ளிக்குள் நுழையும் பெண் போலீஸாக ஜாய்ஸ் கிரென்ஃபெல், மாணவிகள் காய்ச்சும் ஜின்னை விற்றுக்கொடுக்கும் 'ஃபிளாஷ் ஹாரி'யாக ஜார்ஜ் கோல். மற்ற பள்ளிகள் பெண்களைத் தயார்ப்படுத்தாமலே கொடிய உலகத்துக்குள் அனுப்புகின்றன, எங்கள் பெண்கள் வெளியே வரும்போது அந்த உலகம்தான் தயாராக வேண்டும் என்று மிஸ் ஃபிரிட்டன் சொல்வாள். தொடர் முழுவதற்கும் இந்த ஒரு வசனம் போதும். அடுத்தடுத்து 1957, 1960, 1966 என்று மூன்று படங்கள், கடைசியாக 1980இல் ஒன்று. தரம் படிப்படியாக இறங்கியது. 1980 படத்தை அந்தத் தொடரின் ரசிகர்களே கணக்கில் சேர்ப்பதில்லை.

இடையில் ஒரு சின்னத் திருத்தம். இந்தப் பழைய படங்களை 'ஈலிங் காமெடி', அதாவது லண்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த நகைச்சுவைப் படங்கள், என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவை பிரிட்டிஷ் லயன் என்ற வேறு நிறுவனம் வெளியிட்டவை. ஈலிங் ஸ்டூடியோ இந்தப் பள்ளிக்குள் காலடி வைத்தது 2007இல்தான்.

அந்த 2007 படத்தை எடுத்தவர்கள் ஆலிவர் பார்க்கர், பார்னபி தாம்ப்ஸன். தாம்ப்ஸன் அப்போது ஈலிங் ஸ்டூடியோவை நடத்தியவர். பார்க்கர் அதற்கு முன் ஆஸ்கார் வைல்டின் நாடகங்களைப் படமாக்கியவர். அந்தப் படங்களில் நடித்த ரூபர்ட் எவரெட்டும் காலின் ஃபர்த்தும் இதிலும் இருக்கிறார்கள். எவரெட் தலைமையாசிரியை காமிலா ஃபிரிட்டன், அவளுடைய அண்ணனும் அவரே. சிம் செய்த அதே இரட்டை வேடம். ஃபர்த் கல்வி அமைச்சர், காமிலாவின் பழைய காதலர். பள்ளி வங்கிக்குப் பெரும் தொகை பாக்கி. கடனை அடைக்க மாணவிகள் லண்டன் நேஷனல் கேலரியில் கண்காட்சிக்கு வந்திருக்கும் டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' ஓவியத்தைத் திருடத் திட்டமிடுகிறார்கள். உள்ளே நுழைய வழி, அங்கே நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினா. நடத்துபவர் ஸ்டீஃபன் ஃபிரை, அவராகவே வருகிறார். புதிதாகச் சேரும் அண்ணன் மகள் அனபெல் கண் வழியாக நாம் பள்ளியைப் பார்க்கிறோம்.

2007 டிசம்பர் 21, பள்ளி விடுமுறை தொடங்கும் நேரம் பார்த்துப் படம் வந்தது. விமர்சனங்களும் வந்தன.

'தி அப்சர்வர்' இதழில் ஃபிலிப் ஃபிரெஞ்ச் இதைக் கூச்சலும் கொச்சையும் நிறைந்த, பெரும்பாலும் குறி தவறிய முயற்சி என்று எழுதினார். ஃபிளாஷ் ஹாரியாக வரும் ரஸ்ஸல் பிராண்டை அவரால் சகிக்கவே முடியவில்லை. 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' இதழில் டெரெக் மால்கம் படத்தின் கட்டுமானமே குளறுபடி என்றார். 'தி டைம்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், பரிந்து பேசவே முடியாத அளவுக்கு மோசம் என்ற தொனியில் தீர்ப்பளித்தது. மறுபக்கம் திரைத்துறை இதழான 'வெரைட்டி'யில் டெரெக் எலி வேறு மாதிரி பார்த்தார். பழைய தொடரே ஒரே நகைச்சுவையை இழுத்து இழுத்து ஓட்டியதுதான், அந்தப் பாரம்பரியச் சுமை இல்லாத இன்றைய வணிக வளாகத் தலைமுறைக்கு இந்தப் படம் அதைத் திறமையாக மாற்றிக்கொடுக்கிறது என்பது அவர் வாதம். ஆக ஒட்டுமொத்தமாகச் சாதகமான விமர்சனங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நன்றாக இல்லைதான், ஆனால் 'எல்லோரும் கிழித்தார்கள்' என்பது மிகை.

இணையத்தில் தெரியும் அந்தச் சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராட்டன் டொமேட்டோஸ் போன்ற விமர்சனத் திரட்டுத் தளங்கள் மதிப்பெண்ணைச் சராசரி எடுத்து அந்த எண்ணைப் போடுவதில்லை. ஒவ்வொரு விமர்சனமும் 'பிடித்தது' அல்லது 'பிடிக்கவில்லை' என்று ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. 'சுமார், ஆனால் சில இடங்களில் சிரித்தேன்' என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்தவரும், இருக்கையை விட்டு எழுந்து ஓடியவரும் ஒரே கூடையில் விழுவார்கள். இந்தப் படத்துக்கு அப்படிப்பட்ட 'சுமார்' ரகம் நிறைய. எவரெட்டை மட்டும் தனியாகப் பாராட்டிவிட்டு மற்றதைக் கைகழுவிய விமர்சனங்களே அதிகம்.

இப்போது மேலே சொன்ன பெயர்களின் வயதைப் பாருங்கள். ஃபிரெஞ்ச் 1933இல் பிறந்தவர், மால்கம் 1932இல். 1954இல் அலஸ்டர் சிம் திரையில் பாவாடையோடு வந்து நின்றபோது இருவருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. இருவரும் பிரிட்டனின் தலைசிறந்த விமர்சகர்கள், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஃபிரெஞ்சின் எழுத்தைப் படித்துத்தான் பிரிட்டிஷ் சினிமாவை எப்படிப் பார்ப்பது என்று நான் கற்றுக்கொண்டேன். ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் இளமைக்காலப் படத்தின் மறு உருவாக்கத்தைப் பார்க்கும்போது, அவர் பக்கத்து இருக்கையில் ஒரு பழைய படமும் உட்கார்ந்திருக்கும். படத்தின் தணிக்கைச் சான்றிதழோ பன்னிரண்டு வயதுக்காரர்களைக் குறிவைத்து '12ஏ'. எடுத்தவர்கள் மனதில் இருந்த பார்வையாளருக்கும் எழுதியவருக்கும் இடையே அறுபது ஆண்டு வித்தியாசம்.

'பழைய படத்தில் இருந்த வெகுளித்தனம் போய்விட்டது, இப்போது எல்லாம் ஆபாசம்' என்ற புலம்பல் அப்போது பரவலாக இருந்தது. இன்றும் கேட்கலாம். இதில் எனக்கு உடன்பாடில்லை. செர்லின் கார்ட்டூன்களில் இருந்தவை பெரும்பாலும் அழுக்குப் பிடித்த, பல் துருத்திய சின்னப் பிசாசுகள். காலுறைப் பட்டி தெரிய நடக்கும் மேல்வகுப்பு அழகிகளைப் பள்ளியின் அடையாளமாக்கியது 1954 படம்தான். 1957 படத்தில் சப்ரினா என்ற அன்றைய கவர்ச்சி நட்சத்திரத்தைக் கூட்டிவந்து, ஒரு வசனமும் கொடுக்காமல் கட்டிலில் படுத்துப் புத்தகம் படிக்கவிட்டார்கள். விளம்பரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இதையெல்லாம் வெகுளி என்று நினைவில் வைத்திருப்பவர்கள், அப்போது தாங்களும் வெகுளிகள் இல்லை என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள் என்பது என் ஊகம்.

கதைப்பின்னல் பற்றிய புகாரிலும் இதே மறதி உண்டு. 'பள்ளிக் கடனை அடைக்க ஒரு திருட்டு, என்ன சாக்குப்போக்கான கதை' என்பார்கள். 1954 கதை என்ன? பள்ளி திவாலாகும் நிலை, காப்பாற்ற ஒரு பந்தயக் குதிரையின் மேல் பணம் கட்டுகிறார்கள், குதிரையை ஒரு கூட்டம் கடத்த, இன்னொரு கூட்டம் மீட்கிறது. அதுவும் நூலிழைக் கதைதான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, மால்கம் சொன்ன குளறுபடி இங்கேதான். பழைய படத்தில் குதிரை பள்ளிக்குள்ளேயே வந்து மாடியில் நிற்கும். கதையும் கலாட்டாவும் ஒரே இடத்தில் நடக்கும். 2007 படத்தில் திருட்டுத் திட்டம் தொடங்கியதும் பள்ளியை விட்டு வெளியே போய்விடுகிறோம். முதல் பாதியில் கட்டி எழுப்பிய பள்ளியின் சூழல் பிற்பாதிக்குப் பயன்படவே இல்லை. கேமரா, கயிறு, எச்சரிக்கை மணி என்று நூறு திருட்டுப் படங்களில் பார்த்த சாமான்கள் வந்துவிடுகின்றன. லீனா ஹெடி என்ற நல்ல நடிகையைப் புதிய ஆங்கில ஆசிரியையாகக் கொண்டுவருகிறார்கள். அவர் பார்வையிலும் பள்ளியைக் காட்டலாமே என்று நாம் நினைப்பதற்குள் அவரை மறந்துவிடுகிறார்கள்.

ரஸ்ஸல் பிராண்ட் விஷயத்தில் ஃபிரெஞ்ச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஜார்ஜ் கோலின் ஹாரி போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தைத் தரகன். புதர் மறைவிலிருந்து எட்டிப்பார்த்து நழுவும் அந்த நடையிலேயே ஒரு காலகட்டம் தெரியும். பிராண்ட் தன் மேடை நகைச்சுவையின் உடையையும் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். ஹாரி என்ற ஆள் அங்கே இல்லை.

விமர்சகர்கள் தொட்டுவிட்டு விட்டுப்போன இடத்துக்கு வருகிறேன். அதிர்ச்சி தர முயன்று தோற்கிறது என்றார்கள். உண்மை. ஏன் தோற்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான கேள்வி. 1954ஐ நினைத்துப் பாருங்கள். பிரிட்டனில் போர்க்கால உணவுப் பங்கீடு முழுமையாக முடிந்ததே அந்த ஆண்டு ஜூலையில்தான். அளந்து அளந்து சாப்பிட்டு, வரிசையில் நின்று, விதிமுறைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்து சலித்த ஜனங்கள். அவர்கள் முன்னால் வேதியியல் கூடத்தில் ஜின் காய்ச்சும் பத்து வயதுப் பெண்கள் வந்து நிற்கிறார்கள். பள்ளியை ஆராய அனுப்பப்பட்ட கல்வித்துறை அதிகாரிகள் திரும்பியே போகாமல் அங்கேயே சுகமாகத் தங்கிவிடுகிறார்கள். அரங்கமே அந்த அதிகாரிகளாக மாற ஆசைப்பட்டிருக்கும். வெளியே அவ்வளவு ஒழுங்கு இருந்ததால் உள்ளே நடந்த அராஜகத்துக்கு மதிப்பு இருந்தது.

2007இல் அதே மாணவிகள் வோட்கா காய்ச்சுகிறார்கள். யாருக்கு என்ன? மலிவு விலை மது, ரியாலிட்டி ஷோ, பிரபலங்களின் அந்தரங்கம் கொட்டும் செய்தித்தாள்கள் என்று வெளியுலகமே அப்போது செயின்ட் டிரினியன்ஸ் அளவுக்குச் சத்தமாகிவிட்டது. அந்த உலகம் இவர்களை எதிர்கொள்ள எப்போதோ தயாராகிவிட்டது. படத்தை எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் எதிரி தேடி அலைகிறார்கள்: வங்கி, பள்ளித் தரத்தைச் சரிசெய்யப் புறப்பட்ட அமைச்சர், செல்டன்ஹாம் லேடீஸ் காலேஜ். இந்த மூன்றில் செல்டன்ஹாம்தான் வேலை செய்கிறது. அது உண்மையிலேயே இருக்கும், 1853இல் நிறுவப்பட்ட பணக்காரப் பெண்கள் பள்ளி. அவர்களோடு நடக்கும் ஹாக்கி ஆட்டம் படத்தின் ஆகச்சிறந்த பத்து நிமிடம். வர்க்கப் பகை பிரிட்டனில் என்றுமே பழசாவதில்லை.

அப்படியானால் பெண்பிள்ளைகள் எதைப் பார்த்து ரசித்தார்கள்? அதிர்ச்சிக்காக அவர்கள் வரவே இல்லை என்று நினைக்கிறேன். இந்தப் பள்ளியின் விடுதி அறை பல குழுக்களாகப் பிரிந்திருக்கிறது: பணக்கார அழகிகள், கறுப்பு உடை போட்டுச் சோகமாகத் திரியும் இமோ கூட்டம், கணினிப் பைத்தியங்கள், தொழிலாளர் வர்க்கச் சண்டைக்காரிகள், வெடிகுண்டோடு விளையாடும் சின்ன வகுப்புக்காரர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மூலை உண்டு. ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள், வெளியாள் வந்தால் ஒன்றாக நிற்பார்கள். பன்னிரண்டு வயதில் 'நான் எந்தக் கூட்டம்' என்று தவிக்கும் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமில்லை. இன்னொன்று, அனபெலுக்குக் காதலன் கிடையாது. கடைசிக் காட்சியில் எந்தப் பையனும் வந்து அவளை அங்கீகரிப்பதில்லை. திட்டம் போடுவது, ஏறுவது, ஏமாற்றுவது, ஜெயிப்பது எல்லாம் பெண்கள். அந்தக் காலத்துப் பள்ளிப் பெண் படங்களில் இது அபூர்வம். விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரியாவது எதிர்பார்த்தேன், நான் படித்தவற்றில் கிடைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து 'மாமா மியா' வந்தபோதும் இதே நாடகம் மறுபடி நடந்தது. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள், பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதைப் பிரிட்டனின் வசூல் சாதனைப் படமாக்கினார்கள். செயின்ட் டிரினியன்ஸ் அந்த அளவுக்குப் போகவில்லை. சுமார் 70 லட்சம் பவுண்டில் எடுத்த படம் பிரிட்டனில் 1.2 கோடி பவுண்டுக்கு மேல் வசூலித்தது. திரையரங்குக்காரர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போகத் தயாரிப்பாளருக்கு வருவது இதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும், ஆகவே கொள்ளை லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஹாலிவுட் ஸ்டூடியோ பின்னால் இல்லாத ஒரு பிரிட்டிஷ் படத்துக்கு அது நல்ல வசூல். அமெரிக்காவுக்கு 2009இல்தான் போனது. அங்கே இந்தப் பள்ளி என்ன, இந்தச் சீருடை ஏன் சிரிப்பு என்று யாருக்கும் தெரியாது, வந்த சுவடும் தெரியவில்லை. சுமை இல்லாதவர்களுக்கான படம் என்ற 'வெரைட்டி' விமர்சகர் டெரெக் எலியின் வாதம் அந்தக் கடலைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எவரெட், ஃபர்த் பகுதியைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. பிரிட்டனில் ஆண் நடிகர் நடுவயதுப் பெண்ணாக வேடம் கட்டுவது கிறிஸ்துமஸ் காலப் பான்டமைம் நாடகங்களில் ஊறிப்போன வழக்கம். சிம் அந்த வழக்கத்தை அடக்கி வாசித்தார். கேலி எதுவும் இல்லாமல் ஒரு கண்ணியமான, கொஞ்சம் ஊழல் செய்கிற சீமாட்டியாகவே வாழ்ந்தார். எவரெட் அடக்கி வாசிக்கவில்லை. அந்தத் தலைமுடியும் குதிரைக்காரச் சீமாட்டித் தோரணையும் காமிலா என்ற பெயரும் சேர்ந்தால், அன்றைய இளவரசர் சார்லஸின் மனைவி நினைவுக்கு வராத பிரிட்டிஷ்காரர் இருக்க முடியாது. ஃபர்த்தோடு எவரெட்டுக்குள்ள காட்சிகள் முழுக்கப் பழைய படங்களைக் குத்திக்காட்டும் வேடிக்கை. இருவரும் 1984இல் 'அனதர் கன்ட்ரி' என்ற, ஆண்கள் பள்ளி பற்றிய படத்தில் மாணவர்களாகச் சேர்ந்து நடித்தவர்கள். ஃபர்த்தைத் துரத்தும் நாய்க்குப் பெயர் மிஸ்டர் டார்ஸி, 1995இல் அவரைப் புகழேணியில் ஏற்றிய பாத்திரத்தின் பெயர். திருடப்படும் ஓவியத்தை வரைந்த வெர்மீராக 2003இல் நடித்ததும் அவரே. விமர்சகர்கள் இந்தப் பகுதியை ரசித்ததில் ஆச்சரியமே இல்லை. படத்தில் அவர்கள் வயதுக்காரர்களுக்கென்று வைத்திருந்த பகுதி இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டார்ஸி என்ற நாய் வெறும் நாய்தான், ஆனாலும் அது அமைச்சரின் காலைப் பிடித்ததும் சிரிப்பார்கள்.

இளம் நடிகைகளைப் பெரும்பாலான விமர்சனங்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டன. இன்று பின்னோக்கிப் பார்த்தால் அதுதான் படத்தின் பெரிய சொத்து. தலைமை மாணவி கெல்லியாக வந்த ஜெம்மா ஆர்டர்டன் அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பாண்ட் படத்தில். அலுவலக வரவேற்பில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜோடி விட்டேக்கர் பின்னாளில் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் பெண் டாக்டர். ஜூனோ டெம்பிள், பலோமா ஃபெய்த், அனபெலாக வந்த டலூலா ரைலி எல்லோருக்கும் இது தொடக்கக் காலப் படம். பணக்கார அழகிகள் மூவரில் ஒருத்தியாக வரும் அமரா கரன் இலங்கையிலிருந்து சென்ற குடும்பத்தில் பிறந்தவர். வங்கி வேலையை விட்டு நடிப்புக்கு வந்தவர், அதே ஆண்டில்தான் 'தி டார்ஜிலிங் லிமிடெட்' படத்திலும் அறிமுகமானார். அவருடைய பாத்திரம் தோல் நிறம் பற்றி எந்தப் பேச்சும் இல்லாமல், மற்ற இருவரைப் போலவே அழகான அசட்டுப் பணக்காரியாக எழுதப்பட்டிருக்கிறது. 2007க்கு அது கவனிக்கத்தக்கது.

படத்தைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விமர்சகர்கள் கொச்சை என்று சத்தம் போட்டார்கள், ஆனால் இன்று உண்மையிலேயே நெருடும் இரண்டு விஷயங்களைச் சுலபமாக விட்டுவிட்டார்கள். ஒன்று, அனபெல் வந்த முதல் இரவில் குளியலறையிலிருந்து அவள் துணியைத் திருடி, அவள் ஓடுவதைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். 2007இல் யூடியூப் வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது, அது குறும்பாகத் தெரிந்திருக்கலாம். இப்போது அந்தக் காட்சியை எந்தத் தயாரிப்பாளரும் எழுதவிடமாட்டார், எழுதக்கூடாது. இன்னொன்று, தொழிலாளர் வர்க்கப் பெண்களின் கூட்டத்தைக் காட்டும் விதம். மற்ற கூட்டங்களுக்கு ரசனை, திறமை என்று ஏதோ ஒன்று உண்டு. இவர்களுக்குப் பேச்சும் நகையும் கோபமும் மட்டும்தான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி முழுக்க இருந்த ஏளனம் இங்கேயும் வந்துவிட்டது. செல்டன்ஹாம் சீமாட்டிகளைக் கேலி செய்கிற படம் அதே மூச்சில் இவர்களையும் கேலி செய்வதில் ஒரு நேர்மையின்மை இருக்கிறது.

இரண்டாம் பாகம் 2009 டிசம்பரில் வந்தது. புதையல் தேடும் கதை, டேவிட் டென்னன்ட் வில்லன், ஷேக்ஸ்பியரையும் இழுத்துவிட்டார்கள். விமர்சனங்களும் முதல் படத்தைவிட மோசம், வசூலும் குறைவு. மூன்றாவது எடுப்பதாகப் பேச்சு இருந்தது, வரவில்லை.

உங்கள் வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், 2007 படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தக் குளியலறைக் காட்சி வரும்போது பேச வேண்டியதைப் பேசுங்கள். 1954 படத்தை அதற்கு முன்னால் பார்த்துவிடாதீர்கள், பார்த்தால் எவரெட் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிம் தெரிவார். பின்னால் பாருங்கள், கறுப்பு வெள்ளை என்று பிள்ளைகள் முணுமுணுத்தாலும் மாடியில் குதிரை நிற்கும் இடம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது பிடித்துப்போனால் 1957 படம் வரை போகலாம். செர்லின் கார்ட்டூன் தொகுப்பு எங்காவது கிடைத்தால் அதை விடவே விடாதீர்கள்.